சர்க்கரையும் முதல் பந்தியும்

"குடி ஏட்டி, குடி" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் கையில் எவர்சில்வர் டம்ளர். டம்ளர் நிறைய அடைப்பிரதமன்.

மகள் உமாவின் கல்யாண மண்டபம் அது. சமையல்கட்டுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே, வாழையிலைக் கட்டுகள் சாத்தி வைத்திருந்த சுவரோரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான் கிடந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல மனசாட்சி இடம் தரவில்லை. பட்டுச்சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. விரல்கள் என்னைக் கேட்காமல் தாமாக ஆடின. அந்த நிலையிலும் மூக்கு மட்டும் நன்றாக வேலை செய்தது. சுக்கு, ஏலம், உருகிய வெல்லம், முதல் தேங்காய்ப்பால், நெய்யில் வறுத்த தேங்காய்த் துண்டு.

ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த மணம் வரும் தெருவில்கூட என்னை நடக்கவிடாத மனிதர் அவர். அன்றைக்கு அவரே டம்ளரை என் உதட்டில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருத்தி அலறினாள். "ஐயோ, சுகர்காரிக்குப் பாயசம் குடுக்காரே! மனுசனுக்குப் புத்தி பெரண்டு போச்சா?"

நியாயமான சந்தேகம்தான். அந்த டம்ளர் என் உதட்டுக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லவேண்டுமானால், நான் அழகாக மெலிந்துகொண்டிருந்த நாட்களுக்குப் போகவேண்டும்.

இடுப்பு போன வழி

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தே வேலை பார்த்தவள் நான் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். உட்கார்ந்த வேலை உடம்புக்குத் தரும் எல்லாச் செல்வத்தையும் எனக்கும் தந்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பார்த்தால் ரவிக்கை தொளதொளவென்று இருக்கிறது. தையல்காரம்மா இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்தாள். அடுத்த மாதம் மறுபடியும் பிடித்துக் கொடுத்தாள்.

சுசீந்திரத்தில் எங்கள் தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. கோயிலுக்குப் போனால் தேரடியில் வைத்துப் பெண்கள் வழி மறித்தார்கள்.

"சாந்தாக்கா, என்ன செய்யுதிய? எங்களுக்கும் சொல்லுங்க."

நானும் ஏதோ தவம் செய்தவளைப் போலக் கண்ணை லேசாக மூடிக்கொண்டு சொன்னேன். "ஒண்ணும் இல்லம்மா. ராத்திரி சோறு கெடையாது. வாயக் கட்டணும், அவ்வளவுதான்."

முந்தின இரவு மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் கறியும் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டு, மேலே ஒரு செவ்வாழைப் பழமும் தின்றுவிட்டுப் படுத்தவள் நான். தெருவில் இரண்டு பேர் என் பேச்சை நம்பி ராத்திரிச் சோற்றை விட்டார்கள். அவர்கள் இளைக்கவில்லை. அதனால் எனக்கு இன்னும் மதிப்பு ஏறியது.

தாகம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. குடித்த தண்ணீர் போதாமல் மறுபடி குடிப்பேன். உமா நாகர்கோவிலில் ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருநாள் லீவு போட்டுவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றி லேபுக்குக் கொண்டுபோனாள். ரிசல்டைப் பார்த்த டாக்டரம்மா, உமாவைவிட இரண்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"இனிப்பு நெறைய சாப்பிடுவீங்களோ?"

"இல்லியே டாக்டர்."

டாக்டரைப் பார்க்கக் கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் இருமினார்.

"முந்திரிக்கொத்து?" என்று டாக்டர் கேட்டாள். நம்ம ஊர்க்காரி, விஷயம் தெரிந்தவள்.

"அது சிறுபயறுல்லா டாக்டர்."

"ஏத்தம்பழம்?"

"அது பழம்."

"பாயசம்?"

"அது கோயில் பிரசாதம்."

என் வீட்டுக்காரரின் இருமல் இப்போது காசநோய் அளவுக்குப் போயிருந்தது. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாத்திரை எழுதினாள். எழுதியபடியே அவரைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று தோன்றியிருக்கும். "மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிடாம இருக்கப்படாது. நேரத்துக்குச் சாப்பிடணும். கை நடுங்கி, வேர்த்து, சம்பந்தமில்லாம பேசுனாங்கன்னா சுகர் கொறஞ்சுட்டுன்னு அர்த்தம். உடனே இனிப்பா ஏதாவது குடுங்க. யோசிக்காதீங்க."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தத் தலையாட்டலில் ஒரு பளபளப்பு தெரிந்தது.

செக்கர் மறுபடி டியூட்டியில்

என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் செக்கர் அண்ணாச்சி என்றால் தெரியாதவர் இல்லை. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டைப் பார்க்கமாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே வயலை அளவுக்கு மீறி ரசிப்பான் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஓய்வுக்குப் பிறகு வேலையில்லாமல் வாடிப்போயிருந்தவருக்கு என் வியாதி புது உத்தியோகம் கொடுத்தது.

சீனி டப்பா அலமாரிக்கு மேல் போனது. வெல்லம் பக்கத்து வீட்டுக்குப் போனது. அச்சு முறுக்கு, ஏத்தங்காய் வத்தல் எல்லாம் உமாவின் அறைக்குள் பூட்டப்பட்டு, சாவி அவர் அரைஞாணில் தொங்கியது. மத்தியானம் தூங்கி எழுந்தவுடன் அடுக்களை வாசலில் வந்து நிற்பார்.

"ஏட்டி, இஞ்ச பாரு."

பார்ப்பேன்.

"என்னத்த தின்ன?"

"ஒண்ணும் திங்கல."

"பொறவு எதுக்கு ஜன்னல் வழியா மாமரத்தப் பாக்க?"

சக்கைப்பழக் காலம், அதாவது பலாப்பழக் காலம்தான் கொடுமை. அக்கம்பக்கத்தில் எந்த வீட்டில் சக்கை வெட்டினாலும் வாசனை சுவரேறி வரும். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். மின்விசிறி இல்லாமல் இரண்டு பேரும் வேர்த்து உட்கார்ந்திருப்போம், மின்சாரமும் அதே நேரத்தில்தான் போகும்.

வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருவர் ஆவாரம்பூ கொண்டுவந்தார். இன்னொருவர் நாவல்கொட்டைப் பொடி. வெண்டைக்காயை ஊறவைத்த கொழகொழத் தண்ணீரை ஒரு சித்தி சிபாரிசு செய்தாள். ஒவ்வொன்றையும் என் வீட்டுக்காரர் நம்பினார். நான் குடிக்கவேண்டியிருந்தது. மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகுதான் அந்தச் சோதனைச்சாலை மூடப்பட்டது.

சாப்பாட்டில் அவர் செய்த புரட்சிகளில் ஒன்றைச் சொன்னால் போதும். ஓட்ஸில் புட்டு அவித்தார். குழலில் இருந்து தட்டில் தள்ளியபோது பொத்தென்று விழுந்து சிதறாமல் அப்படியே நின்றது. உமா கரண்டியால் தட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இத மணவாளக்குறிச்சி மணல் ஆலைக்குக் குடுத்தா வாங்குவாங்க."

"உனக்கு ஒண்ணும் இல்லேன்னா நீ தின்னாண்டாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லேன்னுதான் நானும் சொல்லுகேன். பொறவு எனக்கு எதுக்கு இந்தத் தண்டனை?"

ஆனால் அவர் ஒரு விஷயத்தில் குறை வைக்கவில்லை. மீன் நல்லது என்று டாக்டர் சொன்னதும், மீன் சந்தை வாசனைக்கே மூக்கைப் பொத்துகிறவர் கடியப்பட்டணம் வரை பைக்கில் போய் வள்ளம் கரையேறும்போதே வாங்கிவந்தார். செவுளைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொண்டார். மீன்காரம்மாவின் முகத்தையும் பார்த்திருப்பார், அது நிச்சயம்.

ஒரு மணிச் சாப்பாடு

இங்கே ஒரு கிளைக்கதை. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். முதலில் ஆண்கள், பிறகு பிள்ளைகள், பிறகு வந்தவர் போனவர், கடைசியில் அடுக்களையில் நிற்கிறவள். அவியலில் முருங்கைக்காய் தீர்ந்து, வெறும் தேங்காய் அரைப்பு மட்டும் சட்டியில் ஒட்டியிருக்கும் நேரம்தான் என் சாப்பாட்டு நேரம். வேலைக்குப் போகிற நாளில் டிபன் டப்பாவில். மற்ற நாளில் சட்டியோடு. இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. அதனால் மீறவும் வழியில்லாமல் இருந்தது.

டாக்டர் சொன்ன பிறகு என் வீட்டுக்காரர் போனில் அலாரம் வைத்தார். ஒரு மணி அடித்தால் நான் இலையில் இருக்கவேண்டும். பஸ் நேரத்துக்குக் கிளம்பவேண்டும் என்பதுபோல அதில் அவருக்கு ஒரு மதக்கட்டுப்பாடு.

முதல் நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் எதிரே உட்கார்ந்திருக்க, நான் மட்டும் சாப்பிட்டேன். அவர் வயிறு உரக்க ஒரு சத்தம் போட்டது.

"நீங்களும் இருங்களேன்" என்றேன்.

"நீ உண்ணு. எனக்குப் பசியில்ல."

வயிறு மறுபடி சத்தம் போட்டது. நான் குழம்பை நிதானமாகப் பிசைந்தேன். வாழ்க்கையில் அத்தனை நிதானமாக நான் சோறு பிசைந்ததில்லை. மீன் துண்டில் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தேன். இரண்டாவது வாரம் அவரும் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். லீவு நாளில் உமாவும் சேர்ந்துகொண்டாள். பானையும் சட்டியும் நடுவில் வந்தன. அவரவர் எடுத்துப் போட்டுக்கொண்டோம். சர்க்கரை என்ற வியாதி என் இடுப்பை எடுத்துக்கொண்டு எனக்குக் கொடுத்த மாற்றுப்பொருள் இது என்று வைத்துக்கொள்ளலாம். மோசமான பேரம் இல்லை.

அவரும் முழு யோக்கியர் இல்லை. ஒரு சாயங்காலம் நடைக்குப் போய்விட்டு வந்தவரின் சட்டைப் பையில் எண்ணெய் வட்டம் தெரிந்தது. குனிந்து மோந்தேன். பெருங்காயம், மிளகு, ஊறிய பருப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை ரசவடை, எங்கள் ஊர்ப் பருப்பு வடை.

அவர் ஜன்னல் வழியாக மாமரத்தை ரசிக்க ஆரம்பித்தார்.

"டிக்கெட் உண்டா?" என்று கேட்டேன்.

மறைக்கச் சொன்னாள் கமலம்

உமாவுக்கு வரன் வந்தது அந்தச் சமயத்தில்தான். மணவாளக்குறிச்சிக் குடும்பம். பையன் எஞ்சினியர், சென்னையில் வேலை. அப்பா மணல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா தங்கம்மை. எல்லாம் பொருந்தியிருந்தது.

என் தங்கை கமலம் ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். "அக்கா, உனக்குச் சுகர் உண்டுன்னு அவங்க காதுல விழப்படாது கேட்டியா. பொண்ணுக்க அம்மைக்கு உண்டுன்னா பொண்ணுக்கும் வரும்பாங்க. எங்க தெருவுல ஒரு சம்பந்தம் இப்பிடித்தான் தெறிச்சுப் போச்சு."

"பொய் சொல்லியா பொண்ணு குடுக்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பொய் எதுக்கு அத்தான்? சொல்லாம இருங்க. கேட்டாதான பொய்யி?"

செக்கராக இருந்தவருக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. எனக்கும் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. ஆனால் என் இரத்தத்தில் ஓடுகிற ஒன்று என் பிள்ளையின் கல்யாணத்தைத் தட்டிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. உமா மட்டும், "நான் சொல்லிருகேன்மா, எனக்கென்ன பயம்?" என்றாள். அவள் வாயைக் கமலம் பொத்தினாள்.

பெண் பார்க்க வந்தார்கள். தங்கம்மை உயரமான மனுஷி. பேசமாட்டாள், சிரிக்கமாட்டாள். கூடத்தில் உட்கார்ந்து எங்கள் வீட்டுச் சுவரைத் தீர்ப்பு எழுதப்போகிறவளைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலாரத்தை நிறுத்த என் வீட்டுக்காரர் மறந்துவிட்டார். பேச்சு மும்முரமாக நடக்கும்போது ஒரு மணிக்கு அவர் சட்டைப் பையில் மணி அலறியது. எல்லாரும் திரும்பினார்கள்.

"ஒண்ணும் இல்ல" என்றார் அவர், முகம் சிவந்து. "பழைய பழக்கம். ஒரு மணி பஸ் கெளம்புக நேரம்."

தங்கம்மை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சம்பந்தம் முடிவானது. அன்றிலிருந்து கல்யாணம் வரை எனக்கு இரண்டு மாத்திரைகள்: ஒன்று சர்க்கரைக்கு, இன்னொன்று தங்கம்மையைப் பற்றிய பயம். இரண்டாவது கசப்பு.

பெரியப்பாவுக்கு ஒரு இலை

முகூர்த்தம் காலையிலேயே நல்லபடியாக முடிந்தது. நான் விடிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இட்டிலியை வாயில் வைக்கப் போனபோது போட்டோக்காரர் கூப்பிட்டார். பிறகு மாலைக்காரர் கூப்பிட்டார். பிறகு நாதஸ்வரக்காரருக்குக் காப்பி போய்ச் சேரவில்லை என்றார்கள். இட்டிலி அந்தத் தட்டிலேயே இருந்திருக்கும். என் வீட்டுக்காரர் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிறுத்தப்பட்டிருந்தார், அதனால் என்னைக் கவனிக்க ஆளில்லை.

பந்திக்கு இலை போட்டாயிற்று. ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா திருவனந்தபுரத்தில் இருந்து வந்துகொண்டிருந்தார். அவர் இலையில் இருக்காமல் முதல் பந்தி தொடங்கக்கூடாதாம். கார் எங்கோ வழியில் நெரிசலில் நின்றது. இதோ மார்த்தாண்டம், இதோ தக்கலை என்று போனில் செய்தி வந்துகொண்டிருந்தது, பெரியப்பா வரவில்லை.

"கமலம், எனக்கு ஒரு மாதிரி வருது. ரெண்டு வாய் உண்ணுகேன்" என்றேன்.

அவள் பதறினாள். "அக்கா, சும்மா கெட. மாப்பிள வீட்டுக்காரங்க இருக்கதுக்கு முன்ன பொண்ணுக்க அம்ம எலையில இருந்தா நாலு ஊரு பேசும். இன்னும் கொஞ்ச நேரம்."

கொஞ்ச நேரத்தில் என் நாக்கு என் கட்டுப்பாட்டில் இருந்து கழன்றுகொண்டது. போட்டோக்காரரிடம், "உம்ம மூஞ்சிய ஒரு படம் எடும், அப்பம் தெரியும்" என்றேன். கமலத்திடம் அவள் கட்டியிருந்த சேலை ஜன்னல் திரை மாதிரி இருப்பதாகச் சொன்னேன். எதிரே தங்கம்மை வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கூடத்துக்கே கேட்கும்படி கேட்டேன்.

"சம்பந்தி, உங்க மொகத்துல எப்பவும் எதுக்குக் கோர்ட்டு நடக்கு?"

அதைக் கேட்டது நான் இல்லை, குறைந்துபோன என் சர்க்கரை என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். உமா நம்புவதில்லை.

பிறகு எனக்குத் தரை சாய்ந்தது. யாரோ பிளாஸ்டிக் நாற்காலியில் இருத்தினார்கள். கமலம் ஆள் அனுப்ப, என் வீட்டுக்காரர் விரலெல்லாம் சந்தனத்தோடு ஓடிவந்தார். என் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார்.

"சாப்பிட்டியா?"

"மாப்பிளைக்கப் பெரியப்பா தக்கலைல நிக்காரு" என்றேன். அது பதில் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவர் திரும்பிக் கூடம் அதிரக் கத்தினார். "இவளுக்குச் சுகர் உண்டு! கொறஞ்சு போச்சு! யாராவது இனிப்பு கொண்டாங்க! சீக்கிரம்!"

சம்பந்தி வீட்டுக்கு மறைத்த ரகசியம் மண்டபத்தின் நாலு சுவரிலும் மோதித் திரும்பியது. கமலம் தலையில் கை வைத்தாள். சமையல்காரர் கைக்கு எட்டிய டம்ளரில் பிரதமனை மொண்டு கொடுத்தார். அப்படித்தான் அந்த டம்ளர் என் உதட்டுக்கு வந்தது.

"சுகருக்குச் சுகரா? கொல்லப் பாக்காரா?" என்று ஒருத்தர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். இன்னொருத்தர் டம்ளரைப் பிடுங்கப் பார்த்தார். அவர் இரண்டு முழங்கையாலும் தள்ளிக்கொண்டு குனிந்து நின்றார். அவர் கண் நிறைந்திருந்ததை மிக அருகில் பார்த்தேன். கொடுப்பது சரிதானா என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்திருக்கவேண்டும். எத்தனை மாதமாக என்னிடம் இருந்து பிடுங்கியதைத் தானே ஊட்டவேண்டியிருந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"குடுங்க அண்ணாச்சி. நீங்க செய்யது சரிதான். குடுங்க."

தங்கம்மை. என் பக்கத்தில் முட்டுப்போட்டு உட்கார்ந்து, என் பின்தலையைத் தாங்கிக்கொண்டாள். "பைய, பைய. மொடக்கு மொடக்கா." தடுத்தவர்களை நிமிர்ந்து பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் காத்து வர விடுங்க" என்றாள். எல்லாரும் விலகி நின்றார்கள்.

பிரதமன் உள்ளே இறங்கியது. ருசியைப் பற்றி எழுதி வாசகர்களில் பாதிப் பேரை நான் வதைக்க விரும்பவில்லை. சீனித் தண்ணீர் கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் தெளிந்திருக்கும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னாள். அது எங்கள் சமையல்காரருக்குத் தெரியாமல் போனதற்கு நான் நன்றியுள்ளவள்.

நடுக்கம் மெல்ல அடங்கியது. முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. எல்லாவற்றுக்கும் அருகில் தங்கம்மையின் முகம். நான் கேட்ட கோர்ட்டு கேள்வி ஞாபகத்துக்கு வந்தது, செத்துப்போயிருக்கலாம் என்று தோன்றியது.

"சம்பந்தி, நாங்க மறைக்கணும்னு..." என்று ஆரம்பித்தேன்.

எனக்கும் டம்ளரோடு நின்ற என் வீட்டுக்காரருக்கும் மட்டும் கேட்கும்படி அவள் என் காதருகே குனிந்தாள். "எனக்கும் உண்டு. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. உங்க வீட்டுல பொண்ணு பாக்க வந்தப்ப அலாரம் அடிச்சுல்லா? எனக்கும் அப்பம் பசிச்சு உயிர் போச்சு. நான் உங்க மொகத்தப் பாத்தேன், நீங்க அடுக்களையப் பாத்திய. அன்னைக்கே எனக்குச் சம்சயம்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "பசிச்சா என் மொகம் அப்பிடித்தான் போவும். கோர்ட்டு ஒண்ணும் இல்ல."

முதல் பந்தி

தங்கம்மை எழுந்து என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "வாங்க, எலையில இருப்போம்."

கமலம் குறுக்கே வந்தாள். "பெரியப்பா இன்னும் வரலியே."

"அவரு வரும்ப வரட்டு. அவருக்க எலை எங்கயும் ஓடிப் போவாது."

நாங்கள் இரண்டு பேரும் முதல் பந்தியில், முதல் இரண்டு இலையில் உட்கார்ந்தோம். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தங்கம்மை தனியாக என்னோடு இருக்கிறாளே என்று அவள் நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. எங்கள் பக்கத்துப் பெண்களும் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்கச் சேலையாக இருந்தது. பரிமாறுகிற பையன்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு யோசித்து நின்றபோது, என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வாங்கப்பா, நாம வெளம்புவோம்" என்றார் ஆண்களைப் பார்த்து.

வெளம்பினார்கள். பப்படத்தின் மேல் எரிசேரி விழுந்தது. அவியல் வரவேண்டிய இடத்தில் இஞ்சிக்கறி மலையாக நின்றது. பருப்புக்கு முன்னால் புளிசேரி வந்துவிட்டுத் திரும்பிப் போனது. மாப்பிள்ளையின் அப்பா, உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு யாருக்கு எங்கே வைப்பது என்று தெரியாமல் வரிசை முழுக்க நடந்தார். எனக்கு அந்தச் சாப்பாட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை. முருங்கைக்காய் நிறைய இருந்தது.

பாயச வாளியை என் வீட்டுக்காரர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. என் இலையைத் தாண்டினார், தங்கம்மையின் இலையைத் தாண்டினார். அடுத்து இருந்த நாத்தனாரிடம் தவிக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"சுகர் உண்டா?"

அந்த அம்மாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, இலையின் மேல் கையை வைத்தாள். "உண்டு அண்ணாச்சி. கொஞ்ச நாளாச்சு."

எதிரே சாம்பார் வாளியோடு நின்ற அவள் கணவர், "எப்பம்?" என்றார்.

"நீங்க கேக்கலியே."

என் வீட்டுக்காரர் அடுத்த இலைக்குப் போனார். அவளுக்கு இல்லை, ஊற்றினார். அதற்கடுத்தவள் இலையை மூடினாள். அவளுக்கு அடுத்தவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் கடந்து போனார். வரிசை முடியும்போது, மூடிய கைகள் நாங்கள் யாரும் நினைத்ததைவிட அதிகமாக இருந்தன. வாளிகளைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் நின்றார்கள். என் தங்கை கமலம் கடைசி இலையில் இருந்தாள். அவளும் கையை வைத்திருந்தாள். அதை என்னிடம்கூட அவள் சொன்னதில்லை.

பெரியப்பா வந்து சேர்ந்ததும் இரண்டாம் பந்தி, ஆண்களுக்கு. இப்போது வாளி தங்கம்மையின் கையில் இருந்தது. தன் கணவரின் இலைக்கு முன்னால் நின்றாள்.

"நீங்க எப்பம் டெஸ்ட் எடுத்திய?"

"எனக்கு என்ன? நான் கல்லு மாதிரில்லா இருக்கேன்."

"நானும் அப்பிடித்தான் இருந்தேன்."

அவர் உதவிக்குப் பக்கத்து இலையைப் பார்த்தார். பெரியப்பா தன் இலை நரம்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகக் கையை எடுத்து இலையின் மேல் வைத்தார். சொல்லாமலே பெரியப்பாவும் வைத்தார்.

எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையிலேயே பட்டினியாக இருப்பது நினைவு வந்தது. கூட்டிவந்து உட்காரவைத்தோம். நடந்ததெல்லாம் அவர்கள் காதுக்குப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் வாளியோடு உமாவின் முன்னால் நின்றார். இந்த ஒரு கேள்வியை அவளிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று கமலம் அன்று சொன்னதுதான் அவர் முகத்தில் நின்றது.

உமா மாலையை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னப்பா பாக்கிய? ரெண்டு வீட்டுச் சொத்தும் எங்களுக்குத்தான் வரப்போவுது. வரும்ப, நேரத்துக்கு உண்டு, நேரத்துக்கு மாத்திர போட்டுகிடுவோம்." மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள், அவர் வேகமாகத் தலையாட்டினார். "இன்னைக்கு ஊத்துங்க. நெறைய ஊத்துங்க. ஒரு வருசமா ஓட்ஸ் புட்டு தின்னவ நான்."

அவர் ஊற்றினார். இலை விளிம்பைத் தொடும்வரை ஊற்றினார். அவள் வலது கையைக் குழித்து அள்ளிக் குடிக்கும்வரை அங்கேயே நின்றார். அவர் சட்டைப் பையில் ஒரு மணி அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த அவருக்குக் கை ஒழியவில்லை.